ஆறாம் மாதத்துப் புள்ளி

நைனா,

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தொட்டிலுக்கு மேலே சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறாயே, அந்தக் கிராஃப் தாளின் படம். ஸ்கேல் வைத்து பென்சில் கோட்டை மேலே வரைக்கும் நீட்டி, ஏழு கிலோவுக்கு நேராகச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம் போட்டிருந்தாய். கீழே "பதினோராம் மாசம், கரெக்டாம்மா?" என்று கேட்டிருந்தாய். நான் கும்பிடு பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். நீ உடனே கூப்பிட்டாய். "இன்னாம்மா, பாத்தியா இல்லையா? கோடு ஜோரா போவுது இல்ல?" என்றாய். "போவுது நைனா, நல்லா போவுது" என்றேன். உன் குரல் காதில் விழுந்தால் என் வாய் தானாக அப்படித்தான் சொல்கிறது. ஒரு மாதமாக இதே கதை. எழுதும்போது உன் குரல் கேட்காது. அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன்.

வருகிற வியாழக்கிழமை நீ மஸ்கட்டுக்கு விமானம் ஏறப்போகிறாய். ஆறு மாத வேலை. இங்கே கம்பெனியில் கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது, சிப்காட் முழுக்க அலைந்தும் வேறு இடம் அமையவில்லை, ஏஜென்ட் கூப்பிட்டான், ஒத்துக்கொண்டாய். அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நீ துணிந்து போவது அந்தக் கோட்டை நம்பி. பேத்தி யாழினி பிறந்தபோதே அவள் இதயத்தில் ஒரு பக்கம் சரியாக வளரவில்லை என்று சொன்னார்கள். பிறந்த பத்தாம் நாளே நெஞ்சைத் திறந்து ஒரு ஆபரேஷன் செய்தார்கள். அடுத்ததைச் செய்ய ஏழு கிலோவாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் உடம்பு தாங்காது என்றார்கள். அன்றிலிருந்து உனக்கு அந்த ஏழு ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது. பதினோராம் மாதம் ஏழு வந்துவிடும், பதின்மூன்றாம் மாதம் நான் வந்துவிடுவேன், வந்த கையோடு ஆபரேஷனை முடித்துவிடலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நைனா, அந்தக் கோடு பொய். அதில் ஒரு புள்ளி நான் வைத்தது.

கோட்டைப் படிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். அப்போது நீ பத்தாவது படித்தாய். உன் அப்பா உயிரோடு இருந்தார், ரோலிங் மில்லில் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார். நான் அங்கன்வாடியில் சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. மறுவாரம் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று குழந்தைகளின் வளர்ச்சி அட்டைகளை எல்லாம் வீட்டுக்கு எடுத்து வந்து, கட்டிலில் பரப்பி, விட்டுப்போன மாதங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். நீ கீழே உட்கார்ந்து கணக்கு நோட்டில் கிராஃப் போட்டுக்கொண்டிருந்தாய். அட்டையை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, உன்னுதும் கிராஃபா?" என்றாய். எட்டு வருடமாக நான் புள்ளி வைக்கிறேன், அதற்குக் கிராஃப் என்று பெயர் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மாதத்துக்கு ஒரு முறை எடை போடுவேன், வயதுக்கு நேராகப் புள்ளி வைப்பேன், புள்ளி பச்சைப் பட்டையில் விழுந்தால் நல்லது, மஞ்சளில் விழுந்தால் சத்துமாவு கூடுதல். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நீ ஓர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினாய். கோடு இடது பக்கத்துச் சுவரை எங்கே தொடுகிறதோ அதுதான் வெட்டுத்துண்டு, அதாவது மாதம் பூஜ்ஜியமாக இருக்கும்போது எவ்வளவு, பிறந்த எடை என்றாய். அப்புறம் கோட்டில் கட்டங்கள் சரியாகக் குறுக்கிடும் இரண்டு இடங்களைப் பிடி, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வலப்பக்கம் எத்தனை கட்டம், மேலே எத்தனை கட்டம் என்று எண்ணு, மேலே போனதை வலப்பக்கம் போனதால் வகு, அதுதான் சாய்வு என்றாய். "மாசத்துக்கு எவ்ளோ ஏறுது, அவ்ளோதாம்மா. இந்த ரெண்டு நம்பர் தெரிஞ்சா போதும், மொத்தக் கோடும் தெரிஞ்சிடும்." எனக்குப் புரிந்துவிட்டது என்பதில் உனக்கு அவ்வளவு பெருமை. ஒவ்வொரு அட்டையாக எடுத்து என்னைக் கேட்டாய், நான் எண்ணிச் சொன்னேன். அப்படி எடுத்ததில் ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டாய். "இதுக்கு சாய்வே இல்லம்மா. ஆறு, ஏழு, எட்டு, மூணு மாசமும் ஒரே எடை. கோடு படுத்துக்கினு கீது."

அது பிகாஷ் என்ற பையனின் அட்டை. மில்லுக்குப் பின்னால் தகர ஷெட்டுகளில் இருந்த ஒடிசாக்காரர்களின் பிள்ளை. பிறந்தபோதே மூன்றரைக் கிலோ. எங்கள் மையத்தில் அவ்வளவு எடையோடு பிறந்த பிள்ளை அபூர்வம். அதனால் மூன்று மாதம் ஏறாமல் ஏழரையிலேயே நின்றும் அவன் புள்ளி பச்சையிலேயே இருந்தது. நான் புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தேனே தவிர எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. மஞ்சளில் இருந்த வேறொரு பெண்குழந்தைக்குத்தான் அந்த மூன்று மாதமும் விழுந்து விழுந்து மாவு கொடுத்தேன். அவள் கோடு நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. நீ சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உன்னிடம், "பச்சையிலதான கீது, உன் வேலையப் பாரு" என்றேன். ஆய்வு முடியட்டும், அப்புறம் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எட்டு நாள் கழித்துத்தான் அந்த ஷெட்டுக்குப் போனேன். இரண்டு நாளுக்கு முன்னால் வயிற்றுப்போக்கு கண்டு, திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியிலேயே போய்விட்டான் என்று பக்கத்து ஷெட்டில் சொன்னார்கள். அவன் அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். எட்டு நாள் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. நான் போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

நீ இரண்டு மூன்று தரம் கேட்டாய், "அந்தப் பையன் இன்னா ஆனாம்மா?" என்று. "அவங்க ஊருக்கே போயிட்டாங்க நைனா" என்றேன். நீ நம்பினாய். உன்னிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. பதினான்கு வருடம் ஆகிவிட்டது, இன்றைக்குத்தான் சொல்கிறேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், என்மேல் கோபப்பட்டிருப்பாய், நான்கு நாள் என்னோடு பேசாமல் இருந்திருப்பாய். நான் அதைத் தாங்கியிருக்க வேண்டும். உன்னிடம் பொய் சொன்னால் சுலபமாகச் செல்லும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

இப்போது யாழினிக்கு வருகிறேன். அவள் பிறந்தது இரண்டு கிலோ அறுநூறு. முதல் நான்கு மாதமும் மாதம் நானூறு கிராம் தவறாமல் ஏறினாள். மூன்று, மூன்று நானூறு, மூன்று எண்ணூறு, நான்கு இருநூறு. அந்த ஐந்து புள்ளியும் அவ்வளவு நேராக நின்றன, நீ கிராஃப் தாள் வாங்கி வந்ததே அவற்றைப் பார்த்துத்தான். ஐந்தாம் மாதம் இருநூறுதான் ஏறினாள், நான்கு நானூறு. "சளி புடிச்சிருந்துதுல்ல, அடுத்த மாசம் புடிச்சிடுவா" என்றாய். ஆறாம் மாதம் மருமகள் அமுதா குழந்தையை மையத்துக்குத் தூக்கி வந்தாள். கொக்கித் தராசில் தொட்டில் பையை மாட்டி உட்கார வைத்தோம். முள் என் பக்கம் பார்த்திருந்தது. நான்கு நானூறு. துளி ஏறவில்லை. தராசைத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தேன், அதேதான். அமுதா பையைப் பிடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். பால் குடித்தால் பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிடுகிறது, பாதியிலேயே களைத்துத் தூங்கிவிடுகிறாள் என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தவள். "எவ்ளோ அத்த?" என்றாள். "அஞ்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்தேன். ஒரு மாதத்துக்கு மட்டும்தானே, அடுத்த மாதம் பிள்ளை ஏறிவிடுவாள், ஐந்தைத் தாண்டிவிடுவாள், இந்தப் பொய்யும் அதற்குள் மறைந்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. சாயங்காலம் அரசாங்கத்துக்குப் போனில் எடையைப் பதியும்போது நான்கு நானூறு என்றுதான் பதிந்தேன். அங்கே உண்மை, உன் தாளில் பொய். இருபத்திரண்டு வருடம் இந்த வேலை பார்த்தவளுக்கு எங்கே பொய் எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்திருக்கிறது பார். நீ அன்று ஷிப்டு முடிந்து வந்ததும் எனக்குப் போன் செய்து கத்தினாய். "அம்மா, பூஜ்ஜியத்துல ரெண்டு அறுநூறு, ஆறாம் மாசம் அஞ்சு. ரெண்டு நானூறு ஏறிக்கீது, ஆறால வகுத்தா மாசம் நானூறு. அதே சாய்வு! ஏழுக்கு இன்னும் ரெண்டு கிலோ, அஞ்சே மாசம்!" அந்த வாரமே ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாய். அமுதா பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய் வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு பிரகாரம் சுற்றினாள். நான் யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். ஈரத்தோடு, உடம்பெல்லாம் வேப்பிலையோடு அவள் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன்.

போன வாரம் ஏழாம் மாதத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். உனக்கு அன்றைக்கு விசாவுக்கான மெடிக்கல் டெஸ்ட் இருந்தது, வரவில்லை. அங்கே மெஷினில் நான்கு முந்நூறு காட்டியது. அமுதா என்னைப் பார்த்தாள். "அவங்க மெஷினு வேற, நம்ம தராசு வேற" என்றேன். ராத்திரி உனக்கும் அதையே சொன்னேன். நீ ஒரு நிமிடம்கூடச் சோர்ந்து போகவில்லை. "மெஷினு கம்மியா காட்டினா எல்லா புள்ளியும் ஒரே அளவு கீழ எறங்கும், அவ்ளோதாம்மா. வெட்டுத்துண்டுதான் மாறும், சாய்வு மாறாது. கோடு அப்படியேதான் ஏறும்" என்றாய். நீ சொன்ன கணக்கில் தப்பே இல்லை. எல்லாப் புள்ளியும் சேர்ந்து இறங்கினால் சாய்வு மாறாது, நிஜம்தான். ஆனால் எல்லாப் புள்ளியும் இறங்கவில்லை நைனா. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. என் தராசும் அவர்கள் மெஷினும் ஒன்றைத்தான் சொல்கின்றன.

அன்றைக்கு அமுதா குழந்தைக்குப் பால் கொடுக்க வெளியே போயிருந்தபோது டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார். சின்ன வயது, உன் வயதுதான் இருக்கும். "நீங்க அங்கன்வாடி டீச்சர்தானே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அவர்கள் ஆஸ்பத்திரியில் போட்ட எடைகள் எல்லாம் அதில் கோடாக இருந்தன. கோடு ஏறிப்போய் வளைந்து முனை கீழே திரும்பியிருந்தது. "எடை வந்தா ஆபரேஷன்னு சொன்னோம். ஆனா எடை வராததுக்குக் காரணமே இதயம்தாம்மா. குடிக்கிற பால் எல்லாம் மூச்சு விடுறதுக்கே செலவாயிடுது. மருந்து கூட்டிப் பார்த்தோம், மூக்கு வழியா பால் கொடுத்துப் பார்த்தோம். இனிமே ஏறும்னு எனக்குத் தோணலை" என்றார். எடை இல்லாமலே ஆபரேஷன் செய்யக்கூடாதா என்று கேட்டேன். "மேஜையிலேயே போயிடுவா" என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "குழந்தையோட அப்பாவை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, திங்கட்கிழமை நான் இருப்பேன்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து உன்னிடம் மெஷின் கதையைச் சொன்னேன்.

இப்போது நீ ஒரு காரியம் செய். சுவரில் இருக்கும் தாளில் ஆறாம் மாதத்துப் புள்ளியை அழித்துவிட்டு நான்கு நானூறில் வை. ஏழாம் மாதத்தை நான்கு முந்நூறில் வை. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டும் பிடித்து ஸ்கேல் வைக்காதே, அப்போதும் கோடு மேலேதான் போகும், நானும் அப்படி ஒருமுறை வைத்துப் பார்த்தேன், மாதம் இருநூற்று நாற்பது கிராம் என்று வந்தது, கொஞ்ச நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது. அது இந்த மாதத்துச் சாய்வு இல்லை. நல்லபடி போன நான்கு மாதத்தின் சாய்வைக் கடன் வாங்கிக் காட்டுகிறது. கடைசி மூன்று புள்ளியைப் பார். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் பூஜ்ஜியம். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நூறு கிராம் கீழே. ஏழு கிலோ என்கிற கட்டத்துக்கு இந்தக் கோடு ஒருநாளும் போகாது. கீழ்ப்பக்கம் எங்கே போகும் என்று நீட்டிப் பார்க்காதே. நான் பார்க்கவில்லை.

இன்று காலை அமுதாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்துத்தான் போனேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும் அத்த" என்றாள். "அஞ்சுன்னு நீங்க சொல்லசொல்லவே தெரியும். நாள் முழுக்க தூக்கிக்கினு கீறவ நானு. புள்ள கனம் எனக்குத் தெரியாதா?" பின்னே ஏன் வேப்பஞ்சேலை கட்டினாய் என்று கேட்டேன். "ஏறலன்னுதான் கட்டுனேன். ஏறிக்கினு இருந்தா எதுக்குக் கட்டப்போறேன்" என்றாள். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வேல முடிஞ்சி வந்ததும் அவரு அந்தக் காயிதத்தத்தான் மொதல்ல பாக்குறாரு. அப்புறம்தான் சிரிக்கிறாரு. நான் எப்படிச் சொல்றது? நீங்களும் சொல்லாதீங்க. போறவரு நிம்மதியா போவட்டும்" என்றாள்.

அவள் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் யாராவது உனக்குப் போன் செய்ய வேண்டியிருக்கும். அது அமுதாவாகத்தான் இருக்கும். ஆறு மாத வேலைக்குப் போனவனை உடனே அனுப்ப மாட்டார்கள், நீ அங்கே ஒரு ரூமில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கோட்டையே மறுபடி மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாய், எங்கே தப்பு என்று உனக்குக் கடைசிவரை தெரியாது. தப்பு உன் கணக்கில் இல்லை. அதை மட்டுமாவது நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ இங்கேயே இருந்தால் பிள்ளை பிழைத்துவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. மாட்டாள். உன் வேலையும் போகும், ஏஜென்ட்டும் பேஜார் பண்ணுவான். அதனால் நீ போனாலும் நான் உன்னைத் தப்பு சொல்ல மாட்டேன், ஊரில் யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். தெரிந்துகொண்டு போ என்றுதான் சொல்கிறேன்.

உனக்கு என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வரட்டும், என்னிடமே காட்டு. அமுதாவிடம் ஏன் மறைத்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. அவள் ஏழு மாதமாக ஒருக்களித்துத்தான் படுக்கிறாள், பிள்ளையின் மூச்சுச் சத்தம் காதில் விழ வேண்டும் என்று. நீ கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் உன்னைப் போலத்தான், வாழ்க்கை முழுக்க அட்டையைப் பார்த்தவள், அதனால் உன்னைக் குத்திக்காட்ட எனக்கு வாய் இல்லை. யாழினி இரண்டு நாளாக என் வளையலைப் பிடித்து இழுக்கிறாள். மூன்று தரம் இழுப்பாள், அப்புறம் களைத்துப்போய் கையை விட்டுவிடுவாள். விட்டுவிட்டுச் சிரிக்கிறாள். இதை எந்தத் தாளிலும் குறிக்க முடியாது, நீ வந்து பார்த்தால்தான் உண்டு.

திங்கட்கிழமை காலை ஏழரை ரயிலில் நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஏழேகாலுக்கு இருப்போம். நீயும் வா. டாக்டர் சொல்லப்போவதில் புதிதாக ஒன்றும் இருக்காது, நான் இங்கே எழுதியதைத்தான் அவர் சொல்வார். அவர் சொல்லும்போது குழந்தை உன் மடியில் இருக்கட்டும்.

அம்மா